பர்மா பஜார் அத்தோ வண்டியில் மளிகை வணிகருக்கு என்ன பாடம்?



கொள்முதலுக்காகச் சென்னை செல்லும் நம் உறுப்பினர்கள் பலர் பாரிமுனையில் வேலையை முடித்துக்கொண்டு, அன்று மாலையே திருப்புட்குழிக்கோ காஞ்சிபுரத்துக்கோ திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரையும், அதை ஒட்டிய செகண்ட் லைன் பீச் பகுதியையும் பார்த்து வாருங்கள். மாலை நேரத்தில் அங்கே நிற்கும் அத்தோ வண்டிகள், வெளியூரிலிருந்து வந்த மக்களின் உணவுப் பழக்கம் எப்படி ஒரு வியாபாரமாக வேர் பிடிக்கிறது என்பதைக் காட்டுகின்றன.

கடையை இழந்து வந்தவர்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மாவின் நெல் விளைச்சல் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து நகரத்தார் வட்டித்தொழிலுக்கும், மற்றவர்கள் கூலி வேலைக்கும் கடை வியாபாரத்துக்கும் கப்பலேறினார்கள். 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பெரும் எண்ணிக்கையில் இந்தியர்கள் வெளியேறினர். போர் முடிந்தபின் பலர் மீண்டும் சென்று தொழிலைத் தொடர்ந்தனர்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1964-ல் மொத்த வியாபாரக் கடைகள் மட்டுமின்றிச் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்குப் போயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. கல்லாவில் பணம் வைத்திருந்த வணிகருக்கு அது எத்தகைய அடி என்பதை நமக்கு விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர்.

சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்ந்தார்கள். பிழைப்புக்காகத் துறைமுகத்துக்கு எதிரே நடைபாதையில் அவர்கள் போட்ட கடைகள்தான் 1960-களின் இறுதியில் பர்மா பஜாராக உருவெடுத்தன. நம் ஊர் மரகதவல்லித் தாயார் அருளால் வறுத்த பயறும் முளைக்கும் என்று சொல்வோம். இவர்கள் கதையும் ஏறக்குறைய அதுதான்.

வண்டியில் என்ன இருக்கிறது?

பர்மிய மொழியில் அத்தோ என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். வேகவைத்த கோதுமை நூடுல்ஸுடன் மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளிக்கரைசல், கடலை மாவுப் பொடி, மிளகாய்த்தூள், கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்து தருகிறார்கள். மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப் உண்டு. அதே நூடுல்ஸைச் சூப்பில் போட்டால் மொய்ங்கா. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் காரமும் திணித்துப் புளித்தண்ணீர் விட்டால் முட்டை பேஜோ.

பர்மாவில் மொய்ங்கா என்பது மீன் குழம்பு. பிசையும் உணவுகளிலும் மீன் சாறும் காய்ந்த இறாலும் சேரும். இங்கே பல வண்டிகளில் அவை குறைந்துபோய், புளியும் காரமும் முன்னுக்கு வந்துவிட்டன. ஊர் நாக்குக்கு ஏற்ப அவர்கள் மாறினார்கள்; ஊரும் அவர்கள் சுவைக்குப் பழகிக்கொண்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன சரக்குகளை வணிகர் கண்ணோடு பாருங்கள். வெங்காயம், பூண்டு, புளி, எண்ணெய், கடலை, மிளகாய், முட்டை எல்லாம் நம் கடைகளிலும் காய்கறிக் கடைகளிலும் எப்போதும் இருப்பவை. புதிதாகத் தேவைப்பட்டது நூடுல்ஸ் ஒன்றுதான். ஒரே சரக்கை வைத்து நாலைந்து பண்டம் செய்வதால் தேங்குவது குறைவு, கைமுதலும் குறைவு. வெளியூர்ச் சுவை என்றாலே வெளியூர்ச் சரக்கு வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை.

நம் பகுதிக்கு இது எப்படிப் பொருந்தும்?

பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய நம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் ஏராளமாக உள்ளனர். இவர்கள் மாதம் முழுதும் மளிகை வாங்குபவர்கள். தங்களுக்கு வேண்டியது நம் கடையில் இல்லையென்றால், அது கிடைக்கும் கடைக்கே அரிசி பருப்புக்கும் போய்விடுவார்கள். ஒரு பொருள் இல்லாததால் முழு வாடிக்கையும் போகிறது.

இவர்களுக்கு வேண்டியவற்றில் சிலவற்றைப் பாருங்கள். வங்காள, ஒடிசா சமையலில் தாளிப்புக்கு ஐந்து விதைகள் கலந்த பஞ்ச் போரன் உண்டு. வழக்கமான கலவையில் வெந்தயம், சீரகம், சோம்பு, கடுகு ஆகிய நான்கும் நம் டப்பாவிலேயே இருக்கின்றன. கருஞ்சீரகம் ஒன்றை நாட்டு மருந்துக் கடைச் சரக்கிலிருந்து எடுத்தால் போதும். பீகார் மக்களின் சத்து என்பது வறுத்த கொண்டைக்கடலை மாவு. மைசூர் பருப்பும் புழுங்கல் அரிசியும் நமக்குப் புதிதல்ல.

கடுகு எண்ணெயில் மட்டும் கவனம் தேவை. 1998-ல் டில்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முத்திரையிட்ட, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் உள்ள பாக்கெட்டையே, பில்லுடன் வாங்குங்கள். சில்லறையாக அளந்து விற்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

முதலில் கடைக்கு வரும் தொழிலாளரிடம் எந்த ஊர், என்ன சமையல் என்று கேளுங்கள். அவர் கேட்டு இல்லையென்று சொன்ன பொருளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே பொருள் பலமுறை வந்தால், ஒரு வாரத்துக்கு மட்டும் சிறிய அளவில் வாங்கி வைத்துப் பாருங்கள். சம்பள நாளை ஒட்டி வாங்கினால் தேங்காது. விலையை எல்லோருக்கும் ஒன்றாகவே சொல்லுங்கள். மொழி தெரியாதவரிடம் கூடுதலாக வாங்கும் ஒரு ரூபாய், அவருடைய அறையில் இருக்கும் அத்தனை பேரையும் வேறு கடைக்கு அனுப்பிவிடும்.

1964-ல் கடையைப் பறிகொடுத்து வந்தவர்களும் நம்மைப் போன்ற வணிகர்கள்தாம். அன்று அவர்களுக்குச் சரக்குக் கொடுத்த சென்னை மளிகைக் கடைகளுக்கும் அந்த வளர்ச்சியில் பங்கு கிடைத்தது. இன்று நம் ஊருக்கு வந்திருப்பவர்களிடமும் அதே வாய்ப்பு இருக்கிறது.