பிறர் பெயரில் ஓர் ஆணை

வெளிநாட்டிற் குடியேறிய ஒருவர் ஊரிலுள்ள தம் காணியை விற்க நேர்ந்தால் என்ன செய்கிறார்? தமையனுக்கோ மைத்துனனுக்கோ அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். மைத்துனர் உறுதியில் தம் கையொப்பத்தையே இடுகிறார். ஆயினும் அஃது இன்னாருக்காக இடப்பட்டதென்பது எழுத்தில் இருக்கும். அதிகாரம் ஒருவருடையது, கை மற்றொருவருடையது. கணினியுலகிலும் இத்தகையதோர் ஏற்பாடு உண்டென்பதையும், அதனைச் செவ்வனே அமைத்துக்கொள்ள அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் சென்றன என்பதையும் நம் வாசகர்களிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் முறை, 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியில் பெர்னாண்டோ கோர்பற்றோ என்பாரும் அவர் குழுவினரும் காட்டிய ஒன்றாகும். பலர் கூடிவாழும் வீட்டிற் பெட்டிக்கொரு பூட்டு வேண்டுமன்றோ? ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் அவ்வாறே வந்தன.

1969ஆம் ஆண்டில், நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அங்கே பாவனையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அவர் இயக்கும் செய்நிரல் ஒவ்வொன்றும் அவ்வெண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டே ஓடும். கோப்பொன்றைத் திறக்க முயலும்போது, இவ்வெண்ணுக்கு அவ்வுரிமை உண்டா என முறைமை பார்க்கும். நிர்வாகியின் எண் பூச்சியம். அவர் பெயர் றூட். பூச்சியமென்று இகழவேண்டாம். பூச்சியத்துக்குத் திறவாத கதவு அநேகமாக இல்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. கடவுச்சொற்கள் யாவும் ஒரே கோப்பிற் பதியப்பட்டிருந்தன. அதில் எழுதும் உரிமை நிர்வாகிக்கே உண்டு. அப்படியானால் சாதாரண பாவனையாளர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்றுவதெங்ஙனம்? ஒவ்வொரு முறையும் நிர்வாகியின் வாயிலிற் காத்துநிற்பதா? ரிச்சி கண்ட வழி மிக எளியது. செய்நிரற் கோப்பின்மீது ஒரு சிறு குறி இடவேண்டும். அக்குறியுள்ள செய்நிரல், தன்னை ஏவியவரின் அதிகாரத்தாலன்றித் தன் உடைமையாளரின் அதிகாரத்தால் இயங்கும். ஏவியவர் யாரென்பதையும் மறவாது. ஆகவே கடவுச்சொல் மாற்றும் செய்நிரல் நிர்வாகியின் கையால் எழுதும். ஆனால் கேட்டவரின் வரியை மட்டுமே மாற்றும். இதற்கு 1973இல் விண்ணப்பித்து 1979இற் காப்புரிமையும் பெற்றனர். பின்னர் அது பொதுமக்களுக்கே விடப்பட்டது.

நிர்வாகி வேறொருவராய் மாறுவதற்கு 'சு' என்னும் கட்டளை தொடக்க காலத்திலேயே இருந்தது. சாதாரண கணக்கிலிருப்பவர் நிர்வாகியாக மாற வேண்டுமானால் நிர்வாகியின் கடவுச்சொல் தேவை. நிர்வாகியோ எவருடைய கடவுச்சொல்லையும் கேளாமலே எவராகவும் மாறலாம். இதன் இடரை யான் நேரிற் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் யானும் இன்னொருவரும் நிர்வாகிகளாயிருந்தோம். இருவருக்கும் ஒரே றூட் கடவுச்சொல். சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் செய்நிரல், அதற்கெனவுள்ள தனிக் கணக்கில் இரவுதோறும் ஓடும். ஓரிரவு அது தடைப்படவே, நிர்வாகியாயிருந்தபடியே அதனைக் கையால் ஓட்டிவிட்டு வீடு சென்றேன். வேலை முடிந்தது. ஆனால் அன்று அது புதிதாக உண்டாக்கிய பதிவேட்டின் உடைமையாளர் றூட் ஆகிவிட்டார்! மறுநாளிரவு சம்பளக் கணக்கு தன் பதிவேட்டில் தானே எழுதமாட்டாது நின்றது. சம்பள நாள் விடிந்தது, பட்டியல் இல்லை. கணக்குப் பகுதியிலிருந்த எழுதுவினைஞரான அம்மணி எதையோ அழித்துவிட்டார் என்றே பலரும் பேசிக்கொண்டனர். அவரோ கண்கலங்கி நின்றார்.

கணினியின் குறிப்பேட்டைப் பார்த்தோம். 'றூட்' என்று மட்டுமே இருந்தது. எங்கள் இருவரில் எவர் என்று அது சொல்லவில்லை. யானே எழுந்து சொன்னேன். சொல்லாதிருந்தாலும் எவரும் என்னைப் பிடித்திருக்க முடியாது என்பதை நினைக்குந்தோறும் இன்றும் கூச்சமாயிருக்கிறது.

இக்குறைக்கு மருந்து அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. நாங்கள்தாம் அதனைக் கையாளவில்லை. 1980ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலத்து பஃபலோ பல்கலைக்கழகத்தில் பொப் கொக்சால், கிளிஃப் ஸ்பென்சர் என்னும் இருவர் 'சூடோ' என்னும் செய்நிரலை எழுதினர். இதிற் கேட்கப்படுவது பெரும்பாலும் ஏவுபவரின் சொந்தக் கடவுச்சொல்லே. எவர், எவருடைய பெயரில், எந்தக் கட்டளையை ஏவலாம் என்ற பட்டியல் ஒன்று உண்டு. ஏவியவர் பெயரும், எவராக ஏவினார் என்பதும் நேரத்துடன் பதிவாகும். அற்றோணித் தத்துவத்தின் அச்சொட்டான சாயல்! பலர் இதனை றூட்டாக மாறும் கருவியென்றே கருதுகின்றனர். பெரிய அதிகாரத்திலிருப்பவர் ஒரு சிறு கணக்காக இறங்கி வேலைசெய்வதற்கும் இது உதவும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அன்றிரவு எனக்கு வேண்டியிருந்தது அதுவே.

காவலாளியும் குற்றமற்றவனல்லன். 2021ஆம் ஆண்டு தையில், குவாலிஸ் நிறுவனத்து ஆய்வாளர் சூடோவில் ஒரு பெரும் ஓட்டையை வெளியிட்டனர். பட்டியலிற் பெயரில்லாத சாதாரண பாவனையாளரும் அதன் வழியே றூட் ஆகலாம். அஃது அங்கே 2011 முதல் இருந்துவந்தது. திருத்தம் உடனே வந்தது.

வீட்டுக் கணினிகளிற் பெரும்பாலும் காணப்படும் விண்டோஸ் முறைமையிலும், வேறொரு கணக்கில் இயக்கும் வசதி 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. 2007இல் வீடுகளுக்கு வந்த விஸ்ரா, நிர்வாகியானவரிடமுங்கூட ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் அனுமதி கேட்டது. 'இதென்ன தொல்லை' என்று பலர் சினந்து அதனை நிறுத்திவைத்தனர். பிள்ளைகள் விளையாடும் கணினியில் அவர்களுக்குச் சாதாரண கணக்கும் பெற்றோருக்கு நிர்வாகிக் கணக்கும் இருந்தால், எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டு ஒன்று கணினி முழுவதையும் கைப்பற்றுதல் அத்துணை எளிதன்று. அந்நேரம் திரையில் தோன்றும் கேள்வியைப் பெற்றோர் வாசித்துப் பார்த்தல் வேண்டும். வாசியாமல் 'ஆம்' என்று அழுத்தினால் பூட்டிருந்தும் பயனில்லை.

அவ்வலுவலகத்தில் அடுத்த கிழமையே றூட் கடவுச்சொல்லை மாற்றி உறையிலிட்டுப் பெட்டகத்தில் வைத்தோம். சம்பளச் செய்நிரல் நின்றுவிட்டால், எங்களில் ஒருவர் தம் பெயரிற் புகுந்து, சம்பளக் கணக்காக அதனை ஏவுவார். அம்மணி மறுநாட் காலை குறிப்பேட்டைத் தாமே திறந்து, 'நேற்றிரவு நீங்கள்தானோ?' என்று கேட்பார்.