மஞ்சளின் நிறத்துக்கு ஈயம்

தை, மாசி மாதங்களில் ஈரோடு, பவானி வட்டாரங்களில் மஞ்சள் வேகும் வாசனை ஊரெங்கும் வீசும். அந்த நேரத்தில் எதிர்பாராத மழை ஒன்று வந்துவிட்டால் விவசாயிக்கு நெஞ்சு பதறும். களத்தில் காயும் மஞ்சள் நனைந்தால் நிறம் மங்கும். நிறம் மங்கினால் மண்டியில் விலை இறங்கும். இந்தப் பயத்தில்தான் ஒரு கொடிய கலப்படம் நுழைகிறது.

லெட் குரோமேட் என்பது பெயிண்டில் சேர்க்கப்படும் பளிச்சென்ற மஞ்சள் பொடி. ஈயமும் குரோமியமும் சேர்ந்த விஷப் பொருள். பாலிஷ் போடும்போது சிறிதளவு தூவினாலே மங்கிய மஞ்சள் பொன்போல் மின்னும். முழுக் கிழங்கிலேயே இது பூசப்படுவதால், "நாங்கள் மஞ்சள் வாங்கி வீட்டில்தான் அரைக்கிறோம்" என்பவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை.

உடலில் சேர்ந்த ஈயம் எளிதில் வெளியேறுவதில்லை. எலும்பில் போய்த் தங்கிவிடுகிறது. கர்ப்பிணியின் உடலிலுள்ள ஈயம் வயிற்றுக் குழந்தைக்கும் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சி குன்றுகிறது, படிப்பு ஏறுவதில்லை. சாப்பிட்ட உடனே வாந்தி, மயக்கம் என்று எதுவும் தெரியாததால் மஞ்சள்மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பங்களாதேஷில் நடந்ததை மஞ்சள் விவசாயிகள் அவசியம் அறிய வேண்டும். 1980களில் அங்கு வந்த ஒரு பெருவெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் கெட்டது. அதை மறைக்கத் தொடங்கிய வழக்கம் வெள்ளம் வடிந்த பின்னும் நிற்கவில்லை. கிராமத்துக் கர்ப்பிணிகளில் பலருக்கு இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பது ஏன் என்று தேடிப்போன ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். மஞ்சள் விளையும் 9 மாவட்டங்களில் ஆய்வு செய்ததில் 7 மாவட்டங்களில் இந்தக் கலப்படம் இருந்தது. 2019ல் இது வெளியானதும் அந்நாட்டு அரசு சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீசு கொடுத்தது. சோதனை நடத்தி வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. அந்த ஆண்டு சந்தை மஞ்சளில் 100க்கு 47 மாதிரிகளில் ஈயம் இருந்தது. 2021ல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது. இரண்டே ஆண்டில் இவ்வளவு நடந்திருக்கிறது!

நம் நாட்டில் லெட் குரோமேட் மஞ்சளில் இருக்கவே கூடாது என்பது சட்டம். மஞ்சளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக்கூடாது. ஆனால் 2024ல் வெளியான ஓர் ஆய்வில், பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் ஆயிரம் பங்குக்கு மேலும் இருந்தது தெரியவந்தது.

நிறம் வேக்காட்டிலும் காய்ச்சலிலும்தான் இருக்கிறது. வெட்டிய மஞ்சளை இரண்டு மூன்று நாட்களுக்குள் வேகவைத்துவிட வேண்டும். நுரை பொங்கி, வெண்ணிற ஆவியுடன் மஞ்சள் மணம் வரும்போது இறக்கிவிட வேண்டும். அதிகம் வெந்தால் நிறம் கெடும். வேகாவிட்டால் கிழங்கு நொறுங்கும். விரலியையும் கிழங்கையும் பிரித்து வேகவைப்பது நல்லது. சுத்தமான களத்தில் இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பி 10 முதல் 15 நாள் காயவைத்து, இரவில் குவித்து மூடவேண்டும். ஒரு தார்ப்பாய் வாங்கும் செலவு பெரிதல்ல.

இத்தனைக்கும் பிறகு நிறம் குறைந்தால், பாதி பாலிஷ் ஆன 100 கிலோ மஞ்சளுக்கு சுமார் 2 கிலோ நல்ல மஞ்சள் தூளைத் தூவி டிரம்மைச் சுற்றலாம். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் எந்தப் பூச்சினாலும் மறைக்கக்கூடாது. தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முழு மஞ்சளைப் போட்டவுடன் பளிச்சென்று மஞ்சள் நிறம் இறங்கினால் சந்தேகப்படலாம். உறுதியாகச் சொல்லப் பரிசோதனைக்கூடத்தால்தான் முடியும். வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பாலிஷ் டிரம்மை வாடகைக்கு எடுப்பவர்கள், மஞ்சளைக் கொட்டும் முன் உள்ளே கைவிட்டுத் துடைத்துப் பார்ப்பது நல்லது. முன்பு ஓட்டியவர் என்ன பொடி போட்டார் என்பது யாருக்கும் தெரியாது.