பச்சைப்பசேல் என்றிருந்தால் போதுமா?

காலை ஆறு மணிக்கு உழவர் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? அரைக்கீரை, சிறுகீரை, மல்லித்தழை எல்லாம் பனி ஈரம் காயாமல் கட்டுக்கட்டாக உட்கார்ந்திருக்கும். "இப்பத்தான் பறிச்சது தாயி, எடுத்துக்கோ" என்று கீரைக்காரம்மா சொல்லும்போது ஒரு கட்டுக்கு இரண்டு கட்டாக வாங்கத்தான் தோன்றும். வாங்குங்கள். நானும் வாங்குகிறவன்தான்.

1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு விருதுநகர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம் என்று நம் பக்கமும் வந்தது. இடைத்தரகர் இல்லை, விளைவித்தவரே விற்கிறார். விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். இதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் நம் மனதில் ஒரு தப்புக் கணக்கும் சேர்ந்தே வளர்ந்துவிட்டது. 'புதுசாக இருப்பது சுத்தமாகவும் இருக்கும்' என்ற கணக்கு.

ஒரு பேரனும் ஒரு பச்சடியும்

ஒருநாள் காலை, ஆறு வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி என் வைத்தியசாலைக்கு ஓடி வந்தார். இரவு முழுக்க வாந்தி, பேதி. பையனின் கண் உள்ளே போயிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையவில்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு இவை அடையாளம். அந்த நிலையில் சூரணமும் லேகியமும் கொடுத்து நேரத்தைக் கடத்துவது வைத்தியம் ஆகாது. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொல்லி, உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குளுக்கோஸ் ஏற்றி, மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்தான்.

பிறகு விசாரித்தேன். முந்தின நாள் தயிரில் பச்சை மல்லித்தழை அரைத்துக் கலந்த பச்சடி சாப்பிட்டிருக்கிறான்.

"சந்தையில வாங்குனது தம்பி. அன்னைக்குக் காலையில பறிச்ச தழை. அதைப் போயி எதுக்குக் கழுவணும்? நம்ம வீட்டுல தண்ணி வந்து அஞ்சு நாளாச்சு. லேசா உதறிட்டு அரைச்சுட்டேன்" என்றார் பாட்டி.

தழையில்தான் கிருமி இருந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தண்ணீரிலோ தயிரிலோ இருந்திருக்கலாம். ஆனால் கழுவாத தழை, கிருமிக்கு நாம் திறந்து வைத்த கதவு.

கிருமி எப்படி வருகிறது?

விவசாயியைக் குறை சொல்லாதீர்கள். கீரை மண்ணை ஒட்டி வளர்வது. சரியாக மக்காத எரு, சாக்கடை கலந்த வாய்க்கால் நீர், தரையில் விரித்த சாக்கு, வாடாமலிருக்கத் தெளிக்கும் வாளித் தண்ணீர், காசு வாங்கிய கை, பத்துப் பேர் புரட்டிப் பார்த்த விரல்கள் - இத்தனையையும் தாண்டித்தான் அது உங்கள் பைக்கு வருகிறது. பேதிக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் கண்ணுக்குத் தெரியாது. உருளைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.

கொதிக்க வைத்தால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆகவே சாம்பாரில் வேகும் காய் அவ்வளவு பயம் இல்லை. கவனம் வேண்டியது பச்சையாகத் தின்பதில்தான். ரசத்தை இறக்கிய பிறகு தூவும் மல்லித்தழை, புதினாத் துவையல், வெள்ளரி, கேரட், வெங்காயப் பச்சடி... இவைதான் ஏமாற்றும்.

முதலில் சுத்தி, பிறகு மருந்து

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் 'சுத்தி'. சுக்கென்றால் மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காய் என்றால் கொட்டையை நீக்க வேண்டும். சுத்தி செய்யாத சரக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும் மருந்தாகாது. உணவே மருந்து என்று பேசுகிறோமே, அந்த மருந்துக்கு மட்டும் சுத்தி வேண்டாமா?

தண்ணீர் குறைவாக இருக்கிறதா?

நம் கரிசல் பூமியில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுங்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீரையின் வேரையும் அழுகிய இலையையும் நீக்குங்கள். அகலமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் விட்டு, கீரையை முழுக்க அமுக்கி அலசுங்கள். கீரையைக் கையால் மேலே அள்ளி எடுங்கள். தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலையில் ஒட்டிக்கொள்ளும். புதுத் தண்ணீரில் மூன்று தரம், அடியில் மண் தங்காத வரை அலசுங்கள். பச்சையாகத் தின்பதாக இருந்தால் கடைசி அலசல் காய்ச்சி ஆறிய நீரில் இருக்கட்டும். அலசின தண்ணீர் வீணில்லை, செடிக்கு ஊற்றலாம்.

உப்பு நீரில் ஊற வைத்தால் பூச்சி, புழு வெளியே வரும். மஞ்சள் போடுவதும் நம் வழக்கம்தான். ஆனால் இரண்டுமே அலசுவதற்கு மாற்று அல்ல. சோப்புத்தூள் கூடவே கூடாது. அலசினால் மேலே ஒட்டிய பூச்சிமருந்தும் ஓரளவு போகும். உள்ளே ஏறியது போகாது. நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். சத்தும் கரையும், அழுக்கும் உள்ளே இறங்கும்.

வாங்கும்போது பாருங்கள்

கீற்றாக வெட்டி ஈ மொய்க்கத் திறந்து வைத்த பூசணியைவிட, கண் முன்னால் வெட்டித் தருவது மேல். வெட்டிய பழமும் முறுக்கும் அச்சடித்த தாளில் வேண்டாம். சிவகாசிப் பக்கம் அச்சுத்தாளுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் சொல்கிறேன். மை உணவில் ஒட்டும். 2016லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கண்டித்திருக்கிறது. சப்பட்டை மாம்பழம் வாங்கினால், கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை என்பதை நினைவில் வையுங்கள். ஒரே சீரான மஞ்சள், வாசனை இல்லை, உள்ளே காய் என்றால் சந்தேகப்படுங்கள்.

மஞ்சப்பை நல்லதுதான். வாரம் ஒருமுறை துவைத்துக் காயப்போடுங்கள். கறி, மீனுக்குத் தனிப்பை.

சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் நான் தரும் சூரணம் இல்லை, பட்டாசு மருந்து. அந்த வேலை முடித்து வரும் வழியில் காய் வாங்குவோர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கையையும் முகத்தையும் சோப்பால் கழுவி, உடை மாற்றிய பிறகுதான் பையைத் தொட வேண்டும் என்று அன்போடு கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள். பேதியோடு கண் குழிவது, சிறுநீர் குறைவது, மலத்தில் ரத்தம், துவண்டு போவது - இதில் எது கண்டாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அந்தப் பாட்டி இப்போதும் அதே சந்தைக்குத்தான் போகிறார். போன வாரம் வழியில் பார்த்தேன். கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி, "மூணு தண்ணி, தம்பி!" என்றார். அந்த மூன்று தண்ணீரை இன்றைக்கே உங்கள் வீட்டிலும் தொடங்கிவிடுங்கள்.