டர்ன்டேபிளை மாற்றுவதா, முள்ளை மாற்றுவதா?

எல்பி இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. சுழற்சி மாறுவதில்லை, முள்ளுக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் மாறுகிறது. விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர். உட்புறம் வரும்போது ஏறக்குறைய 21. அதே ஒலி அங்கே நெருக்கியடித்துப் பதிவாகியிருப்பதால், கடைசிப் பாட்டில் ‘ஸ’ ஒலி பிசிறடிக்கிறது. பலர் இதைக் கேட்டுத்தான் புது டர்ன்டேபிள் தேடுகிறார்கள். அது தேவையற்ற செலவு. குறை பெரும்பாலும் தேய்ந்த முள்ளிலோ, கோணம் பிசகிய கார்ட்ரிட்ஜிலோ இருக்கும். முனை வைரமே ஆனாலும் 500 முதல் 1000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். உருண்டை முனைக்குப் பதில் நீள்வட்ட முனை போட்டால் நெருக்கமான வளைவுகளுக்குள்ளும் அது இறங்கிப் படிக்கும்.

வீணையின் நீண்ட கார்வை அலைபாய்ந்தால், அலைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே தட்டில் மட்டும் 1.8 நொடிக்கு ஒருமுறை வந்தால், அந்தத் தட்டின் நடுத்துளை மையம் விலகியிருக்கலாம். எல்லாத் தட்டுகளிலும் வந்தால், முதலில் ரப்பர் பெல்ட்டை மாற்றிப் பார்க்கலாம். பிறகும் அலைவு நீடித்தாலோ, பாட்டுகளுக்கு இடையிலான மௌனத்தில் தாழ்ந்த உறுமல் கேட்டாலோ, மோட்டாரும் தாங்கியும் பழுதாகியிருக்கலாம். அவற்றைச் சரிசெய்ய முடியாதபோது டர்ன்டேபிளை மாற்றுவது நியாயம்.