‘பட்டன்’ என்று மட்டும் சொல்லும் கணினி

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு டைப்பிங் சென்டரில் ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடித்து, அந்த ஃபைலைப் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் அவருடைய ஸ்கிரீன் ரீடர், எழுத்து எழுத்தாகப் போகும்போது ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று சொல்லும். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குள் வெறும் ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் மாட்டிவிட்டிருக்கிறது, அவ்வளவே.

இதற்கு முடிவு கட்ட 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு யூனிகோடை ஏற்று அரசாணை வெளியிட்டது. யூனிகோடில் அடித்த தமிழை ஸ்கிரீன் ரீடர் தமிழாகவே வாசிக்கும். ஆனால் பழைய எழுத்துருக்களின் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. சுற்றறிக்கையைப் பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றும் வழக்கம் அதைவிட மோசம். அது எழுத்தே அல்ல, காகிதத்தின் போட்டோ. ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு காலிப் பக்கம்.

பார்வையற்றவர் கணினியை இயக்க முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. ‘ஜாஸ்’ என்ற ஸ்கிரீன் ரீடர் 1989இலேயே டாஸ் கணினிகளுக்காக வந்தது. விலை பெரிது என்பதால் நம் ஊர் மாணவர்களுக்கு எட்டவில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் ‘என்விடிஏ’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார், அவரும் பார்வையற்றவர். அதை இன்றும் இலவசமாகவே தருகிறார்கள். கொஞ்சம் இயந்திரத்தனமான குரல்தான் என்றாலும் தமிழும் வாசிக்கும்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் முதுகலை மாணவர் ஒருவர் வேலைக்கான விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்புவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மவுஸைத் தொடவே இல்லை. டேப் கீயும் அம்புக்குறி கீகளும்தான். ஸ்கிரீன் ரீடர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் மளமளவென்று முடிந்தன. பிறந்த தேதியில் நின்றுவிட்டது. அங்கே ஒரு காலண்டர் விரிகிறது, மவுஸால் தொட்டால்தான் தேதியை எடுத்துக்கொள்கிறது. கீபோர்டில் அடித்தால் ஏற்கவில்லை. சுற்றி வளைத்து அதையும் தாண்டினார். அடுத்த பக்கம் போனதும் கணினி ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொன்னது.

“என்ன பட்டன்னு சொல்ல மாட்டேங்குது சார். மூணாவதுதான் ‘சேவ்’னு போன தடவை ஒருத்தரைக் கேட்டு வச்சுக்கிட்டேன். இப்ப மாத்திட்டாங்களோ என்னவோ” என்றார். மூன்றாவதை அழுத்தினார். நிரப்பியது மொத்தமும் அழிந்தது.

மறுபடி முதலிலிருந்து நிரப்பினார். கடைசியில் கேப்சா. வளைந்து நெளிந்த எழுத்துகள் உள்ள அந்தப் படத்தை ஸ்கிரீன் ரீடர் ‘கிராஃபிக்’ என்றது. காதால் கேட்டு அடிக்கும் வசதி அந்தப் பக்கத்தில் இல்லை. அத்தனை படிகளையும் தானே கடந்து வந்தவர், எழுந்து ப்ரௌசிங் சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று.

அங்கே நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர், உதவத்தான் செய்தார். “பாஸ்வேர்டு சொல்லுப்பா” என்றார். வரிசையில் நான்கைந்து பேர் நிற்க, இவர் சத்தமாகச் சொன்னார். ஆதார் எண்ணைச் சொன்னார். போனுக்கு வந்த ஓடிபியையும் சொன்னார். யாரும் முன்பின் தெரியாதவரிடம் சொல்லக் கூடாது என்று வங்கிகள் நாள்தோறும் எஸ்எம்எஸ் அனுப்புகின்றனவே, அந்த விவரங்கள் அத்தனையும். மோசமாகச் செய்த ஒரு வெப்சைட் பார்வையற்றவரின் நேரத்தோடு நிற்பதில்லை, அவருடைய ரகசியத்தையும் பறித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. அந்த பட்டனுக்குப் பின்னால், கோடில், ‘சேமி’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால் ஸ்கிரீன் ரீடர் அதை வாசித்திருக்கும். தேதியை அடிக்க ஒரு கட்டம் விட்டிருந்தால் போதும். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்ற உலகளாவிய வழிகாட்டுதல் 1999இலேயே வந்துவிட்டது. ஆனாலும், ஆண்டுதோறும் பத்து லட்சம் வெப்சைட்டுகளின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கும் அமெரிக்காவின் ‘வெப் எய்ம்’ அமைப்பு, 2025இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் குறைகளைக் கண்டது. விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத கட்டம், பேசாத பட்டன் என்று ஆண்டுதோறும் அதே குறைகள்தான். செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் இதைப் பயன்படுத்துவார் என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை. கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை, வேலையில் யாரும் கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, தனியார் இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. 2017 ஜூனில் விதிகள் வந்தன. சேவை தருபவர்களுக்கு இரண்டு ஆண்டு கெடு. அது 2019இலேயே முடிந்துவிட்டது. அந்த விதிகளிலும் ஓட்டை இருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டியது: அணுகல் வசதியைச் சட்டம் கட்டாயம் என்கிறது, விதியோ வெறும் பரிந்துரையாக நிற்கிறது, இது செல்லாது.

அடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30 அன்று வந்தது. வங்கிக் கணக்கு தொடங்கும்போது ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேமரா கேட்கிறது. அமில வீச்சில் முகம் சிதைந்த பிரக்யா பிரசூனால் சிமிட்ட முடியவில்லை, கணக்கு மறுக்கப்பட்டது. பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் இதே சிக்கலோடு நீதிமன்றம் போனார். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: ஆப்போ வெப்சைட்டோ வடிவமைக்கும்போதும் புது வசதி சேர்க்கும்போதும், பார்வையற்றவர்களையே வைத்துச் சோதிக்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டம் இந்த உத்தரவைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று என இரண்டு இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். சாஃப்ட்வேர் எழுதும் கைகள் இப்போது இங்கேயே இருக்கின்றன. இறுதியாண்டு பிராஜெக்ட் செய்யும் மாணவர்கள் மவுஸைக் கழற்றிவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, என்விடிஏ குரலை மட்டும் கேட்டுத் தங்கள் வெப்சைட்டில் ஒரு படிவத்தை நிரப்பிப் பார்க்கட்டும். எங்கே தடுக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்த கட்டமாக ஊரில் உள்ள பார்வையற்ற மாணவர்களை அழைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும், அதுவும் சும்மா அல்ல. சோதனை ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு.

அரசு அலுவலகங்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். வெப்சைட் செய்து தரும் நிறுவனத்துடன் போடும் ஒப்பந்தத்தில், பார்வையற்ற ஒருவர் முதல் பக்கம் முதல் ‘சமர்ப்பி’ வரை தனியாக நிரப்பிக் காட்டிய பிறகே பில் பாஸாகும் என்று எழுதிவிட வேண்டும்.