கீரை கடையும்போது எண்ணெய் விடுங்கள்

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலத்தில், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நகரமாட்டேன்: “பொழுது சாஞ்சா புள்ள தட்டுத் தடுமாறி நடக்குதாம்மா?” ஆமாம் என்றால் மாலைக்கண்ணாக இருக்கலாம். வெள்ளைவிழியில் நுரை ஒட்டியதுபோல் திட்டும் தெரிந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுவேன்.

“முருங்கக்கீர குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன் சிஸ்டர்” என்பார்கள் தாய்மார்கள். பொய்யில்லை. உப்புப் போட்டு வேகவைத்து, அப்படியே சோற்றில் பிசைந்து ஊட்டியிருப்பார்கள். குழம்பு தாளிக்கவே எண்ணெய் போதாத வீடுகள் அவை.

கீரை, கேரட், பப்பாளி, மஞ்சள் பூசணி இவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மங்கிய வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தரும் ரொடாப்சின் என்ற நிறமி விழித்திரையில் உருவாக இந்த வைட்டமின் வேண்டும். ஆனால் பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது. சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீர் வந்து கலந்து, குடல் அதை உறிஞ்சும். இல்லையென்றால் பெரும்பகுதி வீணாக வெளியேறிவிடும். 1913இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்மர் மெக்காலமும் மார்கரீட் டேவிஸும் இந்த வைட்டமினை முதலில் அடையாளம் கண்டதே வெண்ணெயிலும் முட்டை மஞ்சள்கருவிலும்தான்.

அதனால் நான் வற்புறுத்தியது ஒன்றே: பிள்ளைக்கு எடுத்துவைக்கும் கீரையில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ, வீட்டில் இருப்பது போதும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி இருக்கிறது. விழித்திரைச் செல்களின் சவ்வில் நிறைந்துள்ள டிஹெச்ஏ என்ற கொழுப்பு அதில் தாராளம். அதற்காக மீன் எண்ணெய் மாத்திரைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முதுமையில் வரும் மாக்குலா சிதைவு என்ற விழித்திரை நோய் முற்றுவதை அந்த மாத்திரை தடுக்கவில்லை என்று 2013இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. கண் உலர்வுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட அது மேலாக உதவவில்லை என்றது 2018இல் வந்த இன்னொன்று. அந்தக் காசுக்கு மீனே வாங்கலாம்.

9 மாதம் முதல் 5 வயது வரை, 6 மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகத் தரும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கூடுதலாகவும் கொடுக்காதீர்கள். கொழுப்பில் கரையும் சத்து ஈரலில் தங்கிவிடும். அளவு மீறினால் பிள்ளைக்கு நஞ்சு.