பழைய ஜீப்பும் வாக்குவம் வைப்பரும்

பழைய ஜீப், கார்களைப் போற்றிப் பாதுகாக்கும் அன்பர்கள் பெங்களூரில் பலர் உண்டு. 1940களின் இறுதியில் மகீந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், இன்றும் சிலர் வீட்டு வாசலில் நிற்கிறது. அக்கால ஜீப்பில் முன்கண்ணாடி வைப்பருக்கு மின்மோட்டார் கிடையாது. எஞ்சின் உண்டாக்கும் வாக்குவத்தில், அதாவது வெற்றிடத்தில்தான் அது ஓடியது. அதை மின்சாரத்துக்கு மாற்றலாமா, பழமை கெடாமல் அப்படியே விடலாமா என்பது பலருக்கும் உள்ள கேள்வி. ஓட்டுகிற வண்டியாக இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது என்பேன்.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது காற்று வரும் வழி ஏறக்குறைய மூடியிருப்பதால், மேனிஃபோல்டில் பாதரசக் கணக்கில் சுமார் 45 முதல் 50 செ.மீ. வாக்குவம் உண்டாகும். ஒரு ரப்பர் குழாய் வழியாக அது வைப்பரை ஆட்டுகிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் வழி திறந்துகொள்ளும். வாக்குவம் அநேகமாக மறைந்துவிடும். வைப்பர் தளர்ந்து நின்றுவிடும்.

தீபாவளி முடிந்து, ஐப்பசி மழையில் சேலத்திலிருந்து பெங்களூர் திரும்பும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தொப்பூர் மேடு ஏற ஆக்சிலேட்டரை மிதித்தே ஆகவேண்டும். முன்னே லாரி, மேலே மழை. அந்நேரம் பார்த்துக் கண்ணாடி மறைக்கும். காலை எடுத்தால் வைப்பர் ஓடும், வண்டி ஏறாது!

ரயிலிலும் நெடுங்காலம் வாக்குவம் பிரேக்தானே இருந்தது என்று நம் ஒக்கலிபுரத்து ரயில்வே அன்பர்கள் கேட்கலாம். அங்கே வாக்குவம் இருக்கும்வரைதான் பிரேக் விடுபட்டிருக்கும். குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்து ரயில் நிற்கும். அதாவது, பழுது நேர்ந்தால் பத்திரமான பக்கம் சாயும். வைப்பரோ ஆபத்தான பக்கம் சாய்கிறது.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதல்ல. 1970ஆம் ஆண்டு அமெரிக்க பிளிமத் ரோடு ரன்னர் காரில், பானெட்டின் மேல் காற்று வாங்கும் மூடியையும் வாக்குவத்தால் திறக்கும் ஏற்பாடு இருந்தது. அது திறக்காவிட்டால் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் பழமையைக் காப்பாற்றலாம்.

டீசல் எஞ்சின் மாற்றிய ஜீப் என்றால் யோசிக்கவே வேண்டாம். டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டில் வைப்பரை ஓட்டும் அளவுக்கு வாக்குவம் கிடைக்காது.

மாற்றும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலில் பேட்டரியைப் பாருங்கள். பழைய வில்லிஸ் 6 வோல்ட். பின்னால் வந்தவை 12. ராணுவ ஏலத்தில் வந்தவற்றில் 24 வோல்ட்டும் உண்டு. மோட்டார் அதற்குப் பொருந்த வேண்டும். தண்டின் பருமனும் வைப்பர் வீசும் கோணமும் ஒத்துவராவிட்டால் பிளேடு சட்டத்தில் இடிக்கும். தனி வயர், தனி ஃபியூஸ், நல்ல எர்த் மூன்றும் அவசியம். மேனிஃபோல்டில் பழைய குழாய் இருந்த துளையை இறுக்கமாக அடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் வேண்டாத காற்று புகுந்து எஞ்சின் ஐடிலிங்கில் தடுமாறும். ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் குஜிரியிலும் பொறுமையாகத் தேடுங்கள். வாங்குமுன் பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பழமை விரும்பிகளின் வருத்தமும் நியாயமே. ஆகவே பாடியில் புதுத் துளை போடாமல், இருக்கும் துளைகளிலேயே பொருத்துங்கள். கழற்றிய வாக்குவம் மோட்டாரை எண்ணெய் துடைத்துப் பத்திரப்படுத்துங்கள். கண்காட்சிக்கு வேண்டுமானால் ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டிவிடலாம்.

தாத்தா காலத்து வண்டியைக் காப்பது நல்ல காரியம். அதில் ஏறும் பேரப்பிள்ளைகளைக் காப்பது அதைவிட முக்கியம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் வைப்பரைக் கவனித்துவிடுங்கள்.